பப்புவா நியூ கினியில பேப்டிஸ்ட் சபைங்க வளந்த கதை: வெள்ளக்காரன் வளத்ததா, ஊர்க்காரங்களே வளத்துக்கிட்டதா?

மலைமுகடு:
நாகாலாந்து இழையில ஒருத்தர் "மலை, பழங்குடி, பேப்டிஸ்ட், இந்த மூணும் சேந்தது உலகத்துலயே அங்க மட்டும்தான்"னு அடிச்சு விட்டிருந்தாரு. அங்கயே பதில் எழுத ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, அதான் தனி இழை.

பப்புவா நியூ கினி. ஆஸ்திரேலியாவுக்கு நேர் வடக்க. எண்ணூறுக்கும் மேல மொழி. நடுவுல இருக்கற மலைக்குள்ள ஆளே கெடையாதுன்னுதான் ரொம்ப நாள் வெளிய இருக்கறவங்க நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. 1933-ல தங்கம் தேடிப் போன லேஹி சகோதரர்களும் ஜிம் டெய்லர்ங்கற அரசு அதிகாரியும் உள்ள போய்ப் பாத்தா லட்சக்கணக்குல ஜனம், வாய்க்கா வெட்டி சக்கரவள்ளித் தோட்டம் போட்டு பன்னி வளத்துக்கிட்டு அது பாட்டுக்கு வாழ்ந்துக்கிட்டு இருக்கு. அப்புறம் உலகப்போர் வந்து எல்லாம் நின்னுபோச்சு, போர் முடிஞ்சுதான் மலைக்குள்ள பெரும்பாலான இடத்துக்கு மிஷன்காரங்கள விட்டாங்க. லுத்தரன், கத்தோலிக்கர், அட்வெண்டிஸ்ட்னு ஆளாளுக்கு இடம் புடிச்சதுல ஆஸ்திரேலிய பேப்டிஸ்ட் மிஷனுக்கு அமைஞ்சது மவுண்ட் ஹேகனுக்கு வடமேற்க பையர் ஆத்துப் பள்ளத்தாக்கு. வருஷம் 1949. ஜனங்க க்யாக்கா எங்கா. முதல் ஞானஸ்நானம் 1956-லதான் நடந்துச்சு.

ரெண்டாவது இடம் டெலஃபோமின், மேற்க இந்தோனேசிய எல்லைக்குப் பக்கத்துல. அங்க 1950-களோட தொடக்கத்துல போனாங்க. ரோடே கெடையாது, ரொம்ப காலம் விமானம்தான். இந்த ரெண்டாவது இடத்துலதான் எனக்கு ஆர்வம், ஏன்னா அங்க சபை வெடிச்சு வளந்தது மிஷனெரிங்க இருந்த இடத்துல இல்ல, அவங்க எட்டிக்கூட பாக்காத ஊர்கள்ல.

தூத்துக்குடிக்காரன்:
அண்ணே நல்ல இழை. ஒரு சந்தேகம். 49-ல போய் 56-ல முதல் ஞானஸ்நானம்னா ஏழு வருஷம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? எங்க சிஎஸ்ஐ-ல கைக்குழந்தைக்கே தண்ணி தெளிச்சு முடிச்சுருவோம். எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல ஊரோட ஊரா மாறுனாங்க, ஊர்ப் பெரியவரு தலையாட்டுனா கோயில் கட்டி உபதேசியார கொண்டாந்து உக்கார வச்சாச்சு. பேப்டிஸ்ட்ல வளந்த ஆளு சுயமா முடிவெடுத்து முழுக்கு எடுக்கணும்ல, மலைச் சாதிசனம் ஒண்ணா மண்ணா முடிவெடுக்கற எடத்துல அது எப்டி வேலைக்காகும்?

மலைமுகடு:
அதேதான் தம்பி, முடிச்சே அங்கதான் இருக்கு. மலையில யாரும் ஒத்தையா முடிவெடுக்க மாட்டாங்க. கல்யாணத்துக்குப் பன்னி குடுக்கறதும் சண்டைக்குப் போறதும் கொலைக்கு நஷ்டஈடு கட்டறதும் குலம் மொத்தமும் உக்காந்து பேசி எடுக்கற முடிவு. அதுலயும் எங்கா ஆளுங்ககிட்ட 'டீ'ன்னு ஒரு பெரிய பரிமாற்றம் உண்டு (நம்ம டீ இல்ல), வருஷக்கணக்கா கடன் வாங்கி கடன் குடுத்து ஆயிரக்கணக்குல பன்னிய ஒரு பள்ளத்தாக்குலேந்து இன்னொண்ணுக்கு கை மாத்துவாங்க. அதுல பெரிய கைன்னா பெரிய மனுஷன். பெரிய மனுஷன்னா பல பொண்டாட்டி, ஏன்னா பன்னிக்குத் தீனி போட சக்கரவள்ளி வேணும், அந்தத் தோட்ட வேல பாக்கறது பொம்பளைங்க. இப்ப மிஷன்காரன் வந்து ஒருத்தனுக்கு ஒருத்தின்னா அவனோட மொத்தப் பொழப்பும் ஆட்டம் காணுதுல்ல. மலைநாடு முழுக்க எல்லா மிஷனுக்கும் இந்தத் தலைவலி இருந்துச்சு.

ஆனா ஒண்ணு, பேப்டிஸ்ட் அமைப்புல ஒவ்வொரு சபையும் தனி ராஜ்ஜியம். பிஷப் கெடையாது, மேலேந்து உத்தரவு கெடையாது. குலத்துக்கு ஒரு சபை, அவங்கள்லயே ஒரு பாஸ்டர், அவங்க நெலத்துல அவங்க கட்டுன கூரை. இது மலை அரசியலுக்கு அப்படியே பொருந்திப்போச்சு. சண்டை வந்தா சபை ரெண்டா பிரியும், அவ்ளோதான், எண்ணிக்கை ரெண்டாயிடும். வளர்ச்சின்னு காட்டற கணக்குல பாதி இந்தப் பிரிவினையா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன் 😄

கருப்புச்சட்டை:
எல்லாம் சரி தோழர், ஆனா "ஊர்க்காரங்களே வளத்துக்கிட்டாங்க"ன்னு சொல்றது கேக்க இனிமையா இருக்கு. இரும்புக் கோடாலி யார் கையில இருந்துச்சு? உப்பு யார் கையில? அந்த மலையில சிப்பிதான் காசு மாதிரி, அத விமானத்துல மூட்டை மூட்டையா கொண்டாந்து எறக்குனது வெள்ளக்காரன். ஓடுதளம், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள, அந்த காம்பவுண்ட்டு நடுவுல ஒரு சிலுவை. இப்படிப்பட்ட எடத்துல ஒருத்தன் 'சுயமா முடிவெடுத்து' முழுக்கு எடுத்தான்னா அந்த சுயம் எவ்வளவு சுயம்?

டெலஃபோமின்ல என்ன நடந்துச்சுன்னும் சொல்லுங்க. 1953-ல ரெண்டு ஆஸ்திரேலிய ரோந்து அதிகாரிங்களையும் ரெண்டு போலீஸ்காரங்களையும் ஊர்க்காரங்க வெட்டிப் போட்டாங்க. சும்மா வெட்டுவாங்களா? அரசு நிலையம் வந்து அஞ்சாறு வருஷத்துல அவ்வளவு கோவம். அப்புறம் புடிச்சு மரண தண்டனை குடுத்து, அத சிறைத் தண்டனையா கொறச்சாங்க. அதுக்கப்புறம் அந்த ஜனம் பணிஞ்சு போச்சுன்னா அதுக்கு பேரு பக்தியா?

மலைமுகடு:
தோழர், கோடாலி, சிப்பி, ஓடுதளம் எல்லாத்தையும் ஒத்துக்கறேன். 53-ம் உண்மை. ஆனா உங்க கணக்குப்படி பாத்தா மிஷன் காம்பவுண்டுக்குப் பக்கத்துல இருந்தவங்கதான் மொதல்ல மொத்தமா மாறியிருக்கணும். நடந்தது அப்படி இல்ல.

உராப்மின்னு ஒரு சின்ன இனம். டெலஃபோமின்லேந்து மலையேறி நடந்துதான் போகணும், மொத்தமே நானூறு பேருக்குள்ள. வெள்ளக்கார மிஷனெரி ஒருத்தர்கூட அங்க போய் தங்கி ஊழியம் பண்ணதில்ல. அங்க 1990-களோட தொடக்கத்துல ஜோயல் ராபின்ஸ்ங்கற அமெரிக்க மானிடவியல்காரரு தங்கி ஆராய்ச்சி பண்ணாரு, அவரு எழுதுனதாலதான் உலகத்துக்கே இவங்கள தெரியும். பழைய காலத்துல அந்த சுத்துவட்டார சடங்கு ஒழுங்குல உராப்மின்னுக்கு ஒசந்த எடம். எல்லாத்தையும் உண்டாக்குனது ஆஃபெக்ங்கற ஆதித்தாய், அவளோட ரகசியத்த வச்சிருக்கற ஊருன்னா மத்தவங்க கைகட்டி நிப்பாங்க. அரசும் மிஷனும் டெலஃபோமின்ல எறங்குனதும் எல்லாம் தலைகீழ், மையமா இருந்தவங்க ஓரத்துக்குப் போயிட்டாங்க. இந்த அவமானம் அவங்கள அரிச்சுது. அவங்க என்ன பண்ணாங்கன்னா, மிஷன் நம்மள தேடி வரலன்னா நாம அத தேடிப் போவோம்னு 1960-கள்ல பசங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க. அந்தப் பசங்க படிச்சு முடிச்சு பக்கத்து இனங்களுக்கே பாஸ்டரா போனாங்க.

1977-ல எழுப்புதல், அதாவது ஊரே ஒண்ணா ஆவி வந்து மாறுற பக்தி அலை. அங்க பேச்சுல 'ரிபைபல்'. டுரான்மின்ல இருந்த வேதாகமப் பள்ளி வழியா அந்த மலைப்பக்கம் முழுக்க பரவுச்சு, அத முன்ன நின்னு நடத்துனவரு டியோஸ்ங்கற உள்ளூர் பாஸ்டர், வெள்ளக்காரர் இல்ல. ஜனங்க ஒடம்பு நடுங்குது, சூடேறுது, அழறாங்க, பாவம் கண்ணுக்கு முன்னாடி தெரியுதுன்னு சொல்றாங்க. ஒரு வருஷத்துக்குள்ள உராப்மின்ல பெரியவங்க எல்லாரும் கிறிஸ்தவங்க. வீட்டுல பரம்பரையா வச்சு கும்பிட்டுக்கிட்டு இருந்த முன்னோரோட எலும்ப எடுத்து வெளிய போட்டாங்க. பொம்பளைங்க இத திங்கக்கூடாது, சின்னப் பசங்க அத திங்கக்கூடாதுன்னு இருந்த விலக்கு எல்லாம் போச்சு. சுத்துவட்டாரத்துல பல ஊர்ல ஆம்பளைங்களோட ரகசியச் சடங்கு வீட்டையே இடிச்சாங்க.

யாரு துப்பாக்கி காட்டி இடிக்கச் சொன்னது? சொல்லப்போனா நாடு 1975-லயே சுதந்திரம் வாங்கியாச்சு.

எஸ்தர்_டீச்சர்:
மலைமுகடு சார், நான் திமாப்பூர்ல ஸ்கூல் டீச்சரா இருந்தவ, அதனால இத படிக்கப் படிக்க பரிச்சயமா இருக்கு. நாகாலாந்துலயும் சபை பலமா ஆனது மிஷனெரிங்க போனதுக்கு அப்புறம்தான். வெளிநாட்டு மிஷனெரிங்கள வெளிய அனுப்பிட்டாங்க, உள்ளூர் ஆளுங்க கையில வந்ததும் எழுப்புதல் வந்து ஊரையே வாரிக்கிட்டு போச்சு. அங்க பழசத் தெரிஞ்ச பாட்டிங்க இன்னும் சொல்வாங்க.

ஒண்ணு விட்டுட்டீங்க. நடத்துனது டியோஸா இருந்தாலும், அந்த மலையில ரிபைபல்ல ஆவி எறங்கி முன்ன நின்னவங்கள்ல நெறைய பேரு பெண்கள். சடங்கு வீட்டுக்குள்ள கால் வைக்கவே கூடாதுன்னு ஆயுசு பூரா சொல்லி வச்ச பொம்பளைங்க மேல ஆவி எறங்கி அவங்க தரிசனம் சொல்ல ஆரம்பிச்சா, ஆம்பளைங்களோட ரகசியத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு? கருப்புச்சட்டை சாருக்கு இந்தப் பக்கம் ஏன் தெரிய மாட்டேங்குதுன்னு புரியல. பெரியாரப் படிச்சவங்களுக்கு இதுதானே மொதல்ல கண்ணுல படணும்.

அப்புறம் இன்னொரு கேள்வி, அந்த ஆவி நடனம் பத்தி கேள்விப்பட்டேன், அது பேப்டிஸ்ட்ல எப்படி ஒத்துக்கறாங்க? நான் பாத்த பேப்டிஸ்ட் ஆராதனை எல்லாம் கோட்டு டை, நாலு ஸ்தாயில கொயர், கை தட்டக்கூட யோசிப்பாங்க.

மலைமுகடு:
டீச்சர், நான் சொல்ல வந்ததே இதுதான். பேப்டிஸ்ட் சபை அங்க ரொம்ப வேகமா வளந்தது, அது பேப்டிஸ்ட் மாதிரி தெரியாம போன நேரத்துலதான்.

உராப்மின்ல 'ஸ்பிரிட் டிஸ்கோ'ன்னே பேரு. ராத்திரி சபைக்குள்ள ஜனங்க வட்டமா ஆடிக்கிட்டே பாடறாங்க, மணிக்கணக்குல. கொஞ்ச கொஞ்சமா சில பேருக்கு ஆவி வந்து கையக் கால ஒதறி முட்டி மோதி துள்றாங்க, அடிபடாம கூட இருக்கறவங்க புடிச்சுக்கறாங்க, கடைசில தொப்புன்னு கீழ விழுந்து அசையாம கெடக்கறாங்க. உள்ள இருந்த பாவத்தோட ஆவி மல்லுக்கட்டி அத வெளிய தள்ளிருச்சுன்னு அர்த்தம். இதுக்கு முன்னாடி பாஸ்டர்கிட்ட பாவ அறிக்கை செஞ்சிருக்கணும். பேப்டிஸ்ட்ல பாவ அறிக்கைக்குன்னு சடங்கே கெடையாது, கத்தோலிக்கர்தான் அதெல்லாம் பண்ணுவாங்க, இவங்களாவே உண்டாக்கிக்கிட்டாங்க. சில பேரு பாவத்த மறக்கக்கூடாதுன்னு எழுதி வச்சுக்கிட்டு வந்து சொல்வாங்களாம். பெரிய பாவம்னா என்ன தெரியுமா, கோவம். நானூறு பேரு ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டு வாழ முடியாத எடத்துல பன்னி தோட்டத்துல பூந்துருச்சுன்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டா அது ஒடம்புல நோயா வரும்னு ஒரு பயம். நோய் வந்தா எந்த ஆவி புடிச்சிருக்குன்னு பாத்துச் சொல்லி ஜெபிக்கறதுக்கு தனியா பெண்கள் உண்டு.

இதுக்கு நடுவுல இரண்டாம் வருகை பயம் வேற. எப்ப வேணா இயேசு வந்துருவாரு, வரும்போது நம்ம மனசுல கோவம் இருந்தா போச்சு. ரேடியோவுல எங்கயோ போருன்னு கேட்டா இதான் அடையாளமோன்னு கூட்டம் கூடி ஜெபம்.

மெல்பர்ன்ல உக்காந்துக்கிட்டு இந்த மிஷனுக்கு காணிக்கை போட்ட பாட்டிம்மா இத பாத்திருந்தா மயங்கி விழுந்திருப்பாங்க.

விருதுநகர்_மைனர்:
பப்புவா நியூ கினின்னதும் உள்ள வந்தேன். அங்க மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்துக்கு 2012-ல கவர்னரா ஜெயிச்சவரு தமிழ்நாட்டுல பொறந்த சசீந்திரன் முத்துவேல், யாரும் சொல்லலியே!! அவரும் அவரு மனைவியும் சேந்து திருக்குறள அந்த நாட்டுப் பொதுமொழியான டோக் பிசின்ல கொண்டாந்தாங்க, 2023-ல மோடி போனப்ப வெளியிட்டாரு. 🔥🔥

தூத்துக்குடிக்காரன்:
மைனரே அது வேற தீவு, வேற இழை 😂 தனியா தொறங்க, வந்து லைக் போடறோம்.

மொரெஸ்பி_கணக்கர்:
ரொம்ப நாளா எழுதாம படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இத பாத்து எழுதாம இருக்க முடியல. போர்ட் மொரெஸ்பில ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில கணக்கு பாத்தேன், இப்ப கோயமுத்தூர் வந்தாச்சு. நீங்க மலையப் பத்தி எழுதறீங்க, நான் பாத்தது டவுன்.

மொரெஸ்பிக்கும் மலைக்கும் ரோடு கெடையாதுங்க, தலைநகரம் தனியா ஒரு ஓரத்துல கெடக்கும். ஆனாலும் மலை ஜனம் எப்படியாச்சும் வந்து சேந்துரும், லேங்கற கடலோர நகரத்துக்கு லாரியில வந்து அங்கிருந்து விமானம் புடிச்சு. வந்து எங்க தங்கும்? செட்டில்மெண்ட்ல, அதாவது பட்டா இல்லாத தகரக் குடிசைங்க. அங்க மொழிக்காரன், 'வாண்டாக்'னு சொல்வாங்க, அவனோட வீட்டுப் பக்கத்துலதான் குடிசை போடுவாங்க. ஆக எங்கா ஆளுங்க இருக்கற தெருவுல எங்கா பேப்டிஸ்ட் சபை தானா முளைக்கும். எங்க கோடவுன்ல லோடு எறக்கற ஒரு பெரியவரு வாரத்துல அஞ்சு நாள் மூட்டை தூக்குவாரு, ஞாயித்துக்கிழமை வெள்ளச் சட்டை போட்டு பைபிள கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னாருன்னா எங்க மேனேஜரே வழிவிட்டு நிப்பாரு. பாஸ்டர். ஒரு தடவ கூப்டாருன்னு போனேன். தார்ப்பாய் கூரை, தகரத்துல மூணு பக்கம் சுவரு, ஜெனரேட்டர்ல ஸ்பீக்கர், ரெண்டு பசங்க கிட்டார். பிரசங்கம் ஒண்ணரை மணி நேரம், அதுல முக்கால்வாசி பைபிள் இல்ல, அந்த வாரம் செட்டில்மெண்ட்ல நடந்த பஞ்சாயத்து. யாரு யாரோட பையன அடிச்சான், நஷ்டஈடு எவ்வளவு, யாரு பாதி குடுத்துட்டு மீதி இழுத்தடிக்கறான். போலீஸ் எட்டிப் பாக்காத எடத்துல அந்தாளுதான் கோர்ட்டு.

வளர்ச்சின்னு நீங்க சொல்றது எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுதுங்க. அரசாங்கம் இல்லாத எடத்துல இது இருக்கு.

கருப்புச்சட்டை:
கணக்கர் சொல்றதத்தான் நான் மொதல்லேந்து சொல்றேன். அரசு செய்ய வேண்டியத செய்யல, அந்த ஓட்டைல சபை உக்காருது. கிராமத்து சுகாதாரத்துல கிட்டத்தட்ட பாதி சபைங்க கையில. 2004-லேந்து ஆஸ்திரேலிய அரசாங்கமே உதவிப் பணத்த ஏழு சபைங்க வழியா குடுக்குது, அதுல பேப்டிஸ்ட்டும் ஒண்ணு. அப்ப ஆஸ்பத்திரி வேணும்னா சபை வேணும்ங்கற நெலம.

இதோட அடுத்த கட்டம் என்ன? 2013-ல அந்த நாட்டு சபாநாயகரு நாடாளுமன்றத்துல இருந்த பாரம்பரிய மரச் சிற்பங்கள அசுத்தம்னு சொல்லி அறுத்து எறக்குனாரு. 2025 மார்ச்சுல அரசியல் சட்டத்த திருத்தி கிறிஸ்தவ நாடுன்னு அறிவிச்சாச்சு, 80 ஓட்டு ஆதரவு, 4 எதிர்ப்பு. பொம்பளைங்க விடுதலைன்னு டீச்சர் சொன்னாங்க, சந்தோஷம். அதே ரிபைபல்தான் இந்த சிற்பத்தையும் வெட்டுச்சு.

எஸ்தர்_டீச்சர்:
சபாநாயகர் பேப்டிஸ்ட்டுன்னு யாரு சொன்னா? அங்க பெரிய சபைங்க கத்தோலிக்கமும் லுத்தரனும். அதுலயும் கத்தோலிக்க பிஷப்புங்க அந்தத் திருத்தம் வேணாம்னு வெளிப்படையாவே சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க சார்.

தூத்துக்குடிக்காரன்:
இவ்ளோ பேசிட்டோம், மொத்தம் எத்தன பேருதான் பேப்டிஸ்ட் அங்க?

மலைமுகடு:
2000 மக்கள்தொகை கணக்கெடுப்புல கத்தோலிக்கர் 27%, லுத்தரன் 20%-க்குப் பக்கம், யுனைட்டட் சர்ச் 12%-க்குப் பக்கம், அட்வெண்டிஸ்ட் 10%, பெந்தெகொஸ்தே 9%-க்குப் பக்கம். பேப்டிஸ்ட் 0.5%. அப்ப ஜனத்தொகை 50 லட்சத்துக்கு மேல, ஆக கால் லட்சம் சொச்சம். தேசிய அளவுல தூசு. நாகாலாந்து மாதிரி மாநிலமே பேப்டிஸ்ட்டுங்கற பேச்சு இங்க செல்லாது. ஆனா பையர், லுமுசா, கொம்பியம், டெலஃபோமின், ஒக்சாப்மின், இந்த சில பள்ளத்தாக்குல போய் நின்னீங்கன்னா பேப்டிஸ்ட்டத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. பழைய காலத்துல மிஷன்கள் ஆளுக்கொரு பள்ளத்தாக்க புடிச்சதோட விளைவு.

கருப்புச்சட்டை தோழருக்கு ஒண்ணு. அரசு இல்லாத ஓட்டைல சபை உக்காருதுன்னு சொன்னீங்க, சரி. உக்காந்த சபை எவ்வளவு பலமா இருக்குன்னும் பாருங்க. எங்கா மாகாணத்துல கொம்பியம்ல பேப்டிஸ்ட் ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, சுத்துவட்டாரத்துக்கே அதான் கதி. 2022 தேர்தல் கலவரத்துல ஓடுதளத்துல பள்ளம் தோண்டிப்போட்டாங்க, டாக்டர், ஊழியர்கள எல்லாம் வெளிய கொண்டுபோக வேண்டியதாச்சு. சண்டை போட்ட பசங்க எந்த சபைன்னு நெனைக்கறீங்க? அதே பள்ளத்தாக்கு ஞாயித்துக்கிழமை கூட்டம்தான். எழுபது வருஷத்துக்கு மேல ஊழியம், மூணு தலைமுறை முழுக்கு எடுத்தாச்சு, ஆனா குலச் சண்டைன்னு வந்தா சபை ஓரமா நிக்குது. வில்லு அம்பு போய் இப்ப ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வேற. எண்ணிக்கைய வச்சு வளர்ச்சின்னு அறிக்கை எழுதறவங்க இந்த எடத்துல பேனாவ மூடி வச்சுடறாங்க.

மொரெஸ்பி_கணக்கர்:
அது முழுசா சரின்னு சொல்ல மாட்டேங்க. சண்டைய நிறுத்தறதுக்கு நடுவுல போய் நிக்கறதும் பாஸ்டருங்கதான், ரெண்டு பக்கத்துக்கும் நடந்து போகத் துணிஞ்ச ஆளு வேற யாரு இருக்கா. எங்க கோடவுன் பெரியவரும் அப்படி ஒரு தடவ போனவரு. செட்டில்மெண்ட்ல ரெண்டு கூட்டம் கத்தியோட நிக்குது, நடுவுல பைபிளோட போய் தரையில உக்காந்துட்டாரு. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. அன்னைக்கு சண்டை நடக்கல, அடுத்த வாரம் நடந்துச்சு. ரெண்டும் உண்மை.

அவரு சபையும் இப்ப ரெண்டாயிருச்சுன்னு கேள்வி. பசங்க கூட்டம் பக்கத்துல பெந்தெகொஸ்தேக்குப் போயிருச்சு, அங்க ஸ்பீக்கர் பெருசு, பாஸ்டர் நெஞ்சு மேல கை வச்சா ஆள் விழறான். மலையில ஆவி நடனம் ஆடி வளந்த சபையோட புள்ளைங்களுக்கு டவுன் பேப்டிஸ்ட் ஆராதனை சப்புன்னு இருக்கு போல.

விருதுநகர்_மைனர்:
கணக்கரே, பாஸ்டருக்கு சம்பளம் யாரு குடுக்கறது? வெளிநாட்டுப் பணமா? அப்புறம் பன்னிக்கறி? அட்வெண்டிஸ்ட் தின்ன மாட்டாங்கன்னு தெரியும், பேப்டிஸ்ட்டு எப்படி?

மொரெஸ்பி_கணக்கர்:
நான் பாத்த பாஸ்டருங்க யாருக்கும் வெளிநாட்டுப் பணம் வரலீங்க. மலையில தோட்டம் போட்டுப் பொழைப்பாங்க, காப்பி வித்த காசுல ஜனங்க கொஞ்சம் குடுக்கும், டவுன்ல எங்க பெரியவரு மாதிரி மூட்டை தூக்குவாங்க. காணிக்கைத் தட்டுல கெழங்கும் கீரையும் விழறத நானே பாத்திருக்கேன்.

பன்னி பேப்டிஸ்ட்டுக்குத் தடையே இல்ல. மலையில கல்யாணம், சாவு, நஷ்டஈடு எல்லாமே பன்னியிலதான் நடக்கும், அட்வெண்டிஸ்ட்ல சேர்றவன் அது மொத்தத்தையும் விடணும், பேப்டிஸ்ட்ல சேர்றவன் விட வேண்டாம். எங்க பெரியவருகிட்ட ஏன் பேப்டிஸ்ட் ஆனீங்கன்னு கேட்டதுக்கு மொதல்ல "எங்க அப்பா"ன்னாரு, அப்புறம் சிரிச்சுக்கிட்டே பன்னியச் சொன்னாரு.